ராத்தா கொண்டுவந்த கேள்வி

“புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பினா நம்மட பழக்கவழக்கமெல்லாம் மறந்திடும்.”

மூன்று வருடங்களுக்கு முன் ராத்தா படிப்பதற்காக மலேசியாவுக்குப் புறப்பட்டபோது, வீட்டுக்கு வந்த உறவினர் பலர் வாப்பாவிடம் இப்படித்தான் சொன்னார்கள். வாப்பா ஒன்றும் பேசவில்லை. உம்மா கறித்தூளையும் கருவாட்டையும் பொதி செய்துகொண்டிருந்தார். அடுத்த வருடம் நான் உயர்தரப் பரீட்சை எழுதுகிறேன். அதே வார்த்தை என்னையும் தேடி வரும். அதனால் என் பதிலை இப்போதே எழுதிவைக்கிறேன்.

முதல் சில மாதங்கள் ராத்தா மலேசியாவில் இருந்தார் என்பதைவிட, மலேசியாவுக்குள் ஒரு குட்டி இலங்கையில் இருந்தார் என்பதே சரி. விடுதியில் நம் நாட்டுப் பிள்ளைகள் நால்வர். சமையல், படிப்பு, சிரிப்பு எல்லாம் அவர்களோடுதான். மலாய் மொழியில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். நம் உறவினர்கள் விரும்பியதும் அதைத்தான்.

நோன்புப் பெருநாள் வந்தது. அங்கே பெருநாளுக்கு எல்லாரும் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். அதற்கு ‘பாலிக் கம்போங்’ என்று பெயர். விடுதியில் தனித்திருக்க வேண்டாம் என்று அறைத்தோழி ராத்தாவைக் கிளந்தான் மாநிலத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே அந்நியமாக ஒன்றுமில்லை என்று ராத்தா முதலில் நினைத்தாராம். தேங்காய்ப்பாலும் ரம்பையும் போட்டு ஆக்கும் ‘நாசி லெமாக்’ சோற்றில் நம் வீட்டு வாசனை. நம் சாரம் அவர்களுக்குச் சாரோங். நம் கடை அவர்களுக்குக் கெடாய். சங்குப்பூவில் நீல நிறம் ஏற்றிய ‘நாசி கெராபு’ மட்டும்தான் புதுமை. அதன் படத்தைப் பார்த்த மூத்தம்மா, “இது ஆருக்கு நஞ்சு வைக்க?” என்று கேட்டார்.

பிறகுதான் வேறுபாடுகள் தெரிய ஆரம்பித்தன. மாநிலத் தலைநகரான கோத்தா பாருவில் ஒரு பெரிய சந்தை இருக்கிறது. வணிகம் செய்த அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கியது. அங்கே விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலையை மறைத்து, மரியாதையோடு, உரத்த குரலில் மீனும் மரக்கறியும் துணியும் விற்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் சந்தையில் கடை வைத்தால் நாம் என்னவெல்லாம் பேசுவோம்!

அடுத்த வாரம் அயல்வீட்டில் ஒரு திருமணம். அங்கே மாப்பிள்ளை மஹர் கொடுப்பதோடு, ‘ஹந்தாரான்’ என்று தனியாக ஒரு தொகையும் பெண் வீட்டுக்குக் கொடுக்கிறார். தோழியின் தாய் ராத்தாவிடம் ஆசையோடு கேட்டார்: “உங்கள் ஊரில் மாப்பிள்ளை எவ்வளவு கொடுப்பார்?”

ராத்தாவுக்கு வாய் வரவில்லை. எங்கள் வாப்பா பதினொரு வருடம் கட்டாரில் உழைத்தது எங்கள் இருவருக்கும் சீதன வீடு கட்டத்தான் என்பதை அந்தத் தாய்க்கு எப்படிச் சொல்வது?

அவர்கள் ஓதுவதும் இதே குர்ஆன். அவர்களும் நம்மைப்போல் ஷாபிஈ மத்ஹபையே பின்பற்றுகிறார்கள். அப்படியிருக்க, அங்கே மாப்பிள்ளை கொடுப்பதும் இங்கே பெண் வீடு கொடுப்பதும் எங்கிருந்து வந்தன? மஹர் மார்க்கம் சொன்னது. மற்றவை ஊர் உண்டாக்கியவை. அங்கும் ஹந்தாரான் தொகை ஏறிக்கொண்டே போவதால் இளைஞர்கள் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அதே தாய் கவலைப்பட்டாராம். ஆகவே அவர்கள் உயர்ந்தவர்கள், நாம் தாழ்ந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எது மார்க்கம், எது ஊர் வழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் கண் நமக்குத் தேவை. சொந்த ஊரிலேயே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இன்னொரு வீட்டுப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத்தான் அந்தக் கண் திறக்கும்.

பெற்றோரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. யாரோடு போகிறாள், எங்கே தங்குகிறாள் என்று கேட்பது அவர்களின் கடமை. சொல்வது எங்கள் கடமை. ஆனால் “யாரோடும் பழகாதே, படித்துவிட்டு வா” என்று அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. பட்டச் சான்றிதழ் மட்டும் போதுமென்றால் அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? போகிற சகோதரிகளும் நம்மவர் கூட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளாமல், அந்த நாட்டு மொழியில் நாலு வார்த்தை பேசப் பழக வேண்டும். அழைத்த வீட்டுக்கு மனம் கோணாமல் போக வேண்டும்.

ராத்தா எதையும் மறந்துவிடவில்லை. விடுமுறையில் வந்தபோதும் மூத்தம்மாவின் கையால் ஆணம் வேண்டும் என்றுதான் அடம்பிடித்தார். ஆனால் ஒருநாள் இரவு வாப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: “வாப்பா, தங்கச்சிட வீட்டுக்கு எடுத்து வெச்ச காசில அவவப் படிக்க வைங்களேன்.”

எங்கள் வளவின் பின்பக்கத்தில் எனக்கென்று போட்ட அத்திவாரம் கிடக்கிறது. வாப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “யோசிப்பம்” என்றார்.

அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர ராத்தா கிளந்தான்வரை போக வேண்டியிருந்தது.