மண்வெட்டியும் புத்தகமும்

பள்ளிக்கூடங்களில் தோட்டம் போட வேண்டும், குடில் அமைத்துக் காய்கறி பயிரிட வேண்டும், பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்ற பேச்சு பல திசைகளிலும் கேட்கிறது. 2019இல் மத்திய சர்க்கார் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. உழைக்கும் மக்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்?

"மண்வெட்டி என்னோடு போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்புகிறேன், அங்கேயும் மண்வெட்டியா?" என்று ஒரு கூலிக்காரத் தாய் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த திட்டத்தை நம் மக்கள் மறந்துவிடவில்லை. மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது அது. குலக்கல்வி என்று சரியாகவே பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது.

பள்ளித் தோட்டம் அதுவல்ல. அதுவாக விடவும் கூடாது. குலக்கல்வி பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே தள்ளியது. தோட்டமோ பள்ளிக்குள் பாடமாக இருக்க வேண்டும். நூறு விதை ஊன்றி எத்தனை முளைத்தன என்று எண்ணினால் அது சதவீதக் கணக்கு. பாத்தியை அளந்தால் அது பரப்பளவு. குடிலுக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பமானி வைத்துப் பார்த்தால் அது விஞ்ஞானம். தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்தவனுக்கு ஏன், எப்படி என்று சொல்லித்தர யாருமில்லை. அவன் பிள்ளைக்கு அந்த அறிவு கிடைக்கட்டும்.

ஆனால் படத்தில் பார்த்ததை அப்படியே இங்கே கட்டிவிடக் கூடாது. கண்ணாடிக் குடில் குளிர்நாட்டுக்காரன் வெயிலைச் சிறைப்பிடிக்கக் கண்ட வழி. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி மூடினால் நாற்று வெந்துபோகும். நமக்கு ஏற்றது நிழல்வலைக் குடில். கம்பம் நட்டு, வெயிலில் பாதியைத் தடுக்கும் வலையைக் கட்டினால் கீரையும் கொத்தமல்லியும் தக்காளி நாற்றும் தாங்கும். வேலியோரம் முருங்கையும் பப்பாளியும் போதும்.

இதைக் காட்டிச் சர்க்கார் தன் பொறுப்பைக் கழற்றிவிடவும் அனுமதிக்கக் கூடாது. 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று வளர்ந்தது இந்த உரிமை. இருநூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 கிராம் கீரை என்றாலும் ஒரு வேளைக்குப் பத்துக் கிலோ வேண்டும். நாலு பாத்தி தினம் அதைத் தராது. தோட்டம் சத்துணவுக்குத் துணை. அதற்கு மாற்று அல்ல.

ஆகவே நாம் கோருவது:

1. வேலி, வலை, தண்ணீர், விதை ஆகியவற்றின் செலவு முழுவதும் சர்க்காருடையது. பெற்றோரிடம் வசூல் கூடாது.

2. எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்ய வேண்டும். சேரிப் பிள்ளை மண் சுமக்க, மற்றவன் நோட்டில் எழுதுவது என்ற நிலை கூடாது. ஆண், பெண் பேதமும் கூடாது. ஆசிரியரும் பாத்தியில் இறங்க வேண்டும்.

3. விளைவது பிள்ளைகளின் தட்டுக்கே போக வேண்டும். அதைக் காட்டிக் காய்கறிக்கான நிதியில் ஒரு காசும் குறைக்கக் கூடாது.

4. சத்துணவு ஊழியர் தலையில் கூலியில்லா வேலையாக இதை ஏற்றக் கூடாது. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் தோட்டம் கருகும். கூலி கொடுத்து ஆள் நியமிக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருடையது. அந்த இடத்தில் போய் உட்காருங்கள், கணக்குக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மண்வெட்டி ஏழைப் பிள்ளையின் தலைவிதியாக இருந்தது போதும். புத்தகத்தோடு சேர்ந்து அது எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அறிவுக் கருவியாகட்டும்!