ஆபத்தை மறைப்பதே பேராபத்து

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

ஆய்வுக்கூடம் என்றதும் நம் மாணவியரிடையே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். ஒரு கட்சியினர் அமிலப் புட்டியைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார்கள். மற்றொரு கட்சியினர், “இதில் என்ன இருக்கிறது?” என்று மூக்கைப் புட்டியின் வாய்க்கே கொண்டு போவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே தவறு என்பேன். அச்சம் நம்மைக் காப்பாற்றாது. அசட்டுத் துணிச்சலும் காப்பாற்றாது. ஆபத்து எது என்று அறிவதும், அறிந்ததை உடனே பிறருக்குச் சொல்வதுமே நம்மைக் காப்பாற்றும்.

முதலில் அறிவதைப் பற்றிச் சொல்கிறேன். “கந்தக அமிலத்தில் நீரை ஊற்றாதே; நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்” என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். ஏன் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அமிலமும் நீரும் சேரும்போது மிகுந்த வெப்பம் உண்டாகிறது. அமிலம் நீரைவிடக் கனமானது. ஆதலால் மேலே ஊற்றிய நீர் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். காரணம் தெரிந்துவிட்டால் விதி மறக்காது. சோடியத்தை ஏன் மண்ணெண்ணெயில் போட்டு வைக்கிறார்கள் என்பதும் அப்படியே. ஈரம் பட்டால் அது தீப்பற்றும் என்று அறிந்தவள், ஈரக்கையால் அதைத் தொடுவாளா?

இது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற செய்தியன்று. நம் அம்மாமார்கள் கழிவறையைக் கழுவ ஆசிட்டை ஊற்றிவிட்டு, இன்னும் வெள்ளையாகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவுவதுண்டு. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டில், போர்வீரர்களைக் கொல்லப் பயன்பட்டது அதே வாயுதான். சமையல் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இயற்கையில் அவ்வளவாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் மின்விளக்கின் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். வாயுவுக்கே “நான் கசிகிறேன்” என்று சொல்ல வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் சொல்கிறோமா?

நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில், செய்முறை வகுப்பு முடிந்து முகவையைக் கழுவப் போனபோது அது என் கைதவறித் தொட்டியில் விழுந்து உடைந்தது. அதில் சிறிது அமிலமும் மிச்சம் இருந்தது. உடைத்தவர் பணம் கட்ட வேண்டும் என்பது வழக்கம். வீட்டில் கேட்கவும் பயம், சிஸ்டரிடம் சொல்லவும் பயம். கண்ணாடித் துண்டுகளைக் கணக்கு நோட்டின் தாளில் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணித்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல் வகுப்புக்குப் போய்விட்டேன். மாலையில் கூடையை அள்ளிய ஆயாம்மா குப்பையைக் கையால் அழுத்தியிருக்கிறார். உள்ளங்கை கிழிந்துவிட்டது. வெட்டுக்காயத்தில் அமிலமும் பட்டால் எரிச்சல் எப்படி இருந்திருக்கும்! பல நாட்கள் கட்டுப் போட்ட கையோடு அவர் எங்கள் வராந்தாவைப் பெருக்கினார்.

மறுநாள் அழுதுகொண்டே சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். “கண்ணாடி உடைந்தது தவறன்று. சொல்லாமல் விட்டாயே, அதுதான் தவறு” என்றார். ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. “உள்ளே கண்ணாடி கெடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையை வச்சிருக்க மாட்டேனே, கண்ணு” என்றார். அந்த ஒரு வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

நான் செய்தது சிறு பிள்ளைத் தவறு. பெரியவர்கள் இதையே செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் நகரமே சாட்சி. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு, அங்கிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. ஏறக்குறைய 40 டன் நச்சு வாயு வெளியேறியது. உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர், லட்சக்கணக்கானோர் நோயாளிகளாயினர். தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் இயங்கவில்லை. இது முன்னறிவிப்பின்றி வந்த விபத்தும் அன்று. 1981ஆம் ஆண்டிலேயே அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982ஆம் ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர், ஊருக்கு ஆபத்து வரப்போகிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். கேட்பார் இல்லை. ஆலையைச் சுற்றி வாழ்ந்த ஏழைகளுக்கோ, உள்ளே இருப்பது எத்தகைய நஞ்சு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியையாக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், டைமெத்தில் மெர்க்குரி என்னும் பாதரசச் சேர்மத்தின் ஓரிரு துளிகள் அவருடைய கையுறையின்மேல் விழுந்தன. அவர் கவனமற்றவர் அல்லர். விதிப்படி கையுறை அணிந்தே வேலை செய்தார். ஆனால் அந்த ரப்பர் கையுறையை அந்தப் பொருள் சில நொடிகளிலேயே ஊடுருவும் என்பது அன்று அறியப்படவில்லை. 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். அவருடன் பணியாற்றியவர்கள் நடந்ததை மூடி மறைக்கவில்லை. கையுறையைச் சோதித்து, உண்மையை வேதியியல் உலகுக்கு எழுதி எச்சரித்தார்கள். அந்தத் துயரத்திலும் அவர்கள் சொன்ன சொல் எத்தனையோ பேரைக் காத்திருக்கும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துப் பணிவுடன் சில யோசனைகளைக் கூற விரும்புகிறேன். உடைந்ததையும் சிந்தியதையும் உடனே வந்து சொல்லும் மாணவிக்கு அபராதம் வேண்டாம். தவற்றை ஒப்புக்கொள்பவரை மன்னிக்க வேண்டும் என்று நீதிபோதனை வகுப்பில் கற்பது ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும் அல்லவா? பயம் இருக்கும் இடத்தில் உண்மை வெளிவராது. உண்மை வெளிவராத இடத்தில் யாருடைய கையாவது கிழியும். அபராதம் இல்லாவிட்டால் மாணவியர் அலட்சியமாகிவிடுவார்கள் என்று சிலர் கூறலாம். மறைப்பவளுக்குத் தண்டனை இருக்கட்டும். சொல்பவளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆய்வுக்கூட வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். நடந்த விபத்தை மட்டுமன்றி, மயிரிழையில் தப்பியதையும் அதில் எழுதுவோம். இன்று தப்பியது நாளை இன்னொருத்திக்கு நேரக்கூடும். ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னர் ஐந்து நிமிடம், “இந்தப் பொருள் என்ன செய்யும்? செய்தால் நாம் என்ன செய்வோம்?” என்று பேசுவோம். ஆயாம்மாவையும் அந்த ஐந்து நிமிடத்துக்கு அழைப்போம். நம் குப்பையை அள்ளுபவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று அறிய உரிமை உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்பானப் புட்டிகளில் மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் தம்பி தங்கைகளுக்குப் புட்டியின் உருவம்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. வீட்டில் நாங்கள் எதையாவது கொட்டிவிட்டு வந்து நின்றால், முதலில் “உனக்கு அடிபட்டதா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் வீட்டில் எந்தப் பிள்ளையும் எதையும் மறைக்காது.

தோழியரே! நாளை நம்மில் சிலர் மருத்துவராகலாம், பொறியியலாராகலாம், தொழிற்சாலையில் பொறுப்பான பதவி வகிக்கலாம். உடைந்த முகவையைப் பற்றி இன்று வாய் திறக்காதவள், பழுதான இயந்திரத்தைப் பற்றி நாளை வாய் திறப்பாளா? உண்மை பேசும் பழக்கத்தை இந்த ஆய்வுக்கூடத்திலேயே தொடங்குவோம். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுவோம்!