777 என்னும் சர்வரோக நிவாரணி

எங்கள் பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயிலில், வேலை கிடைக்காத பிள்ளைகள் சனீசுவரனுக்கு எள் விளக்கு ஏற்றுகிறார்கள். அவர்களை நான் பரிகசிக்கமாட்டேன். விளக்குக்கு ஆகும் செலவு அற்பம். என் சண்டையெல்லாம், அதே பிள்ளைகளிடம் பல ஆயிரம் ரூபாயைக் கறந்துகொண்டு, 'லினக்ஸ் நிர்வாகம்' என்ற பெயரில் மனப்பாடத்தை விற்கிற பயிற்சிக்கூடங்களோடுதான்.

சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் என்றே நாம் அறிந்திருந்தோம். கணினி உலகத்துச் சர்வரும் அந்த ரகந்தான்: கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது அதன் தொழில். அந்த யந்திரங்களில் பெரும்பகுதியை ஓட்டுவது லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. விலை கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் மிக வேகமான 500 கணினிகளும் லினக்ஸில்தான் ஓடின.

இப்படித் திறந்து கிடக்கிற ஒன்றை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? சான்றிதழ் வாங்கிய எங்கள் தெருப் பிள்ளை ஒருவனைக் கேட்டேன்: "ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் என்ன செய்வாய், தம்பி?"

"777 போடுவேன், சார்."

"777 என்றால் என்ன?"

"அது தெரியாது, சார். போட்டால் திறந்துகொள்ளும்."

திறந்துகொள்ளும், வாஸ்தவந்தான்! லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பார் உண்டு: உடையவர், அவர் குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆக, 777 என்றால் அந்த யந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அந்தக் கோப்பைப் படிக்கலாம், திருத்தலாம், இயக்கலாம். சாவி தொலைந்தது என்று பூட்டுக்காரனைக் கூப்பிட்டால், அவன் கதவையே பெயர்த்துவிட்டுக் கூலி கேட்கிற கதைதான். அந்தக் கோப்பில் ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் விவரம் இருந்தால்?

அடிப்படை என்பது நாலே கேள்வி. வந்திருப்பவன் யார்? இந்தப் பொருள் யாருடையது? இப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது? நடந்தது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு விடை சொல்லும் பதிவேட்டை முதலில் புரட்டினால், வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம், ஏதோ ஒரு சேவை நின்றிருக்கலாம், பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம் என்று காரணம் புலப்படும். காரணம் தெரியாமல் கட்டளை போடுகிறவன், நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிற வைத்தியன்.

"கம்பெனிக்காரன் காகிதந்தானே கேட்கிறான்?" என்கிறார்கள். கேட்கட்டும். காகிதம் வாசல்வரை வரும். இரவு இரண்டு மணிக்கு யந்திரம் நின்றால், சுவரில் தொங்கும் காகிதம் வாய் திறக்காது; பையனுக்குத்தான் வேலை போகும்.

"ஆங்கிலம் வேண்டுமே" என்பது அடுத்த சாக்கு. கட்டளைகள் சில எழுத்துக்கள். அவற்றின் பின்னே இருக்கும் யோசனைக்கு எந்தப் பாஷையும் போதும். 2012-இல் தொடங்கிய 'கணியம்' என்ற மின்னிதழ் இவற்றைத் தமிழிலேயே எழுதிக் காட்டியது.

நமக்கு வசதி இல்லை என்றும் சொல்லுவதற்கில்லை. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் 2005-இல் உருவானபோது, அதன் ஒரு கால் நம் பக்கத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில்தான் ஊன்றியிருந்தது. அந்த முயற்சியில் விளைந்த 'பாஸ்' லினக்ஸ், 2011-இல் தொடங்கி அரசாங்கம் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோசோடு சேர்ந்து வீடு தேடி வந்தது. கருவியைக் கொடுத்தோம், கற்றுக்கொடுத்தோமா? சினிமாப் பார்த்து முடித்ததும் எத்தனை கணினிகள் பரணில் ஏறின! அவற்றில் இன்னும் உயிருள்ளது ஒன்றிருந்தால், அதுவே பள்ளிக்கூடம். கெட்டுப்போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம், தம்பிடி செலவில்லை.

அப்படியும் பயிற்சிக்கூடத்தில்தான் சேர்ப்பேன் என்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணத்தை எண்ணுமுன், "777 ஏன் போடக்கூடாது?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற தமிழில் பத்து நிமிஷத்தில் விளக்குகிறவரிடம் தாராளமாகப் பணம் கட்டுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுகிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாடிப்படி இறங்கி வந்துவிடுங்கள்.