நினைவகம் எவ்வளவு? மடிக்கணினி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கல்லூரிச் சேர்க்கை உறுதியானதும் பல குடும்பங்களில் அடுத்துத் தொடங்குவது மடிக்கணினியைப் பற்றிய பேச்சு. மாணவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டிலிருந்தே பணிபுரிவோர், கடைக் கணக்கைக் கணினிக்கு மாற்றும் வணிகர், வெளியூரிலுள்ள பேரக்குழந்தைகளோடு காணொளியில் பேச விரும்பும் பெரியோர் என எல்லோருக்கும் அது தேவையான பொருளாகிவிட்டது. கடைக்குச் சென்றால் தோற்றத்தில் வேறுபாடே இல்லாத இரண்டு கணினிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் நினைவகம் 8 ஜிபி. மற்றொன்றில் 16 ஜிபி. விலையில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். தயங்கி நிற்கும் நம்மிடம் விற்பனையாளர், "இப்போதைக்கு இதுவே போதும்" என்கிறார்.

அவர் கூறுவது பொய்யன்று. ஆயினும் அந்த 'இப்போதைக்கு' என்னும் சொல்லைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு, ஐந்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஒரு பொருளை நாம் வாங்குகிறோம். ஆகவே அதன் நினைவகத்தை முதல் நாளின் தேவையைக் கொண்டு அளக்காமல், கடைசி ஆண்டின் தேவையைக் கொண்டு அளப்பதே முறை என்பது நமது கருத்து. அதே வேளையில், தேவையின் எல்லையைத் தாண்டி வாங்குவதும் வீண் செலவே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விளம்பரங்களில் 8 ஜிபி, 512 ஜிபி என்று இரண்டு எண்கள் இருக்கும். சிறிய எண் நினைவகத்தை, அதாவது ராமைக் குறிக்கும். பெரிய எண், கோப்புகளும் படங்களும் தங்கும் சேமிப்பகத்தைக் குறிக்கும். வங்கிக் கிளையை நன்கறிந்த நமக்கு இதை விளக்குவது எளிது. சேமிப்பகம் என்பது கிளையின் பெட்டக அறை. நினைவகம் என்பது காசாளரின் மேசை. பெட்டகம் எவ்வளவு பெரிதாயினும், வேலை நடப்பது மேசையின் மீதுதான். மேசை சிறிதாக இருந்தால் காசாளர் ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்துவர வேண்டும்; வரிசையில் நிற்போர் காத்திருக்க வேண்டும். கணினியிலும் இதுவே நிகழ்கிறது. நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் சிலவற்றைச் சேமிப்பகத்திற்கு அனுப்பித் திரும்ப வரவழைக்கிறது. இன்றைய எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்கள் விரைவானவை என்றாலும், நினைவகத்தின் வேகத்திற்கு அவை வெகுதூரம் பின்னே நிற்கின்றன. கணினி 'தொங்குகிறது' என்று நாம் சலித்துக்கொள்ளும் தருணங்களில் பல இவ்வாறு உண்டாகின்றவையே. 512 ஜிபியை 1 டிபி ஆக்குவதால் இக்குறை நீங்காது.

அடுத்து, தேவை எவ்வாறு வளர்கிறது என்பதைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 64 எம்பி. 2009இல் வந்த விண்டோஸ் 7, தன் 32-பிட் வடிவத்திற்கு 1 ஜிபி கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. இருபது ஆண்டுகளில் அறுபத்துநான்கு மடங்கு. அதுவும் இயங்குதளம் எழுந்து நிற்பதற்கான அளவு மட்டுமே. அதன்மேல் நாம் செய்யும் வேலைகளுக்குத் தனியே இடம் வேண்டும். பணவீக்கம் நம் சேமிப்பின் மதிப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைப்பதைப் போல, புதிய மென்பொருள்கள் நம் கணினியின் நினைவகத்தைக் கரைக்கின்றன. ஓய்வுக்கால நிதியைத் திட்டமிடும்போது பணவீக்கத்தைக் கணக்கில் கொள்ளும் நாம், கணினி வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

உற்பத்தியாளர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'கோபைலட் பிளஸ்' வகைக் கணினிகளுக்கு 16 ஜிபி குறைந்தபட்ச நிபந்தனையாக வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் கணினிகளின் அடிப்படை நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில், திரையில் படங்களைக் காட்டும் பணிக்கும் இதே நினைவகத்திலிருந்தே பங்கு எடுக்கப்படுகிறது. 8 ஜிபி என்று எழுதியிருந்தாலும், இயங்குதளமும் வரைகலையும் எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவதே நமக்கு உரியது.

"குறைவாக இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் அது சிறந்த அறிவுரை. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூருவின் எஸ்.பி. ரோடு போன்ற இடங்களுக்குச் சென்றால், கணினியின் அடிப்பகுதியைத் திறந்து ஒரு நினைவக அட்டையைச் செருகிச் சில நிமிடங்களில் திருப்பித் தந்துவிடுவார்கள். இன்று மெலிந்த கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. மேக்புக் கணினிகளில் வாங்கிய பின் நினைவகத்தைக் கூட்ட வழியே இல்லை. விண்டோஸ் கணினிகளில் சிலவற்றில் இரண்டு செருகுவாய்கள் இருக்கும். சிலவற்றில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு ஒரு செருகுவாய் இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இராது. வெளியே பார்த்து இதைக் கண்டறிய இயலாது. பற்றவைத்த கணினியில் எடுக்கும் முடிவு, அக்கணினியின் ஆயுள் முழுவதற்குமான முடிவு.

மேலும், நினைவகத்தின் விலை காலப்போக்கில் இறங்கும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான தேவை பெருகியதால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. பிறகு மலிவாகக் கூட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்கள், காத்திருந்ததற்கே கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது.

இவற்றையெல்லாம் கருதி, நமது பரிந்துரையைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம். இன்று ஒரு குடும்பம் புதிதாக வாங்கும் விண்டோஸ் மடிக்கணினி அல்லது மேக்புக்கிற்கு 16 ஜிபி பொருத்தமான அளவு. இணையவழி வகுப்பு ஒருபுறமும், பத்துப் பதினைந்து உலாவிப் பக்கங்கள் மறுபுறமும், இடையே ஒரு கட்டுரைக் கோப்புமாகத் திறந்திருக்கும் மாணவரின் கணினிக்கு அது ஆடம்பரமன்று. மின்னஞ்சல், இணைய வங்கிச் சேவை, காணொளிப் பேச்சு, கடைக் கணக்கு ஆகியவற்றோடு நிற்பவருக்கு இன்றும் 8 ஜிபி போதும். ஆனால் பின்னர் கூட்டுவதற்குச் செருகுவாய் உள்ள கணினியாக அது இருக்கட்டும். 32 ஜிபி என்பது தொழில்முறைத் தேவை உள்ளவர்களுக்கு உரியது: உயர்தரக் காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குதல் போன்றவை. பொறியியல் மாணவர் என்பதற்காகவே 32 ஜிபி வேண்டும் என்பதில்லை. முதலில் கல்லூரித் துறையிடம் எந்தெந்த மென்பொருள்கள் பயன்படும் என்று கேட்டு, அவற்றின் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் அளவைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

ஏற்கெனவே விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்குச் சிறந்த சான்று தம் மேசையின் மீதே இருக்கிறது. வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்துவைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி' என்பதைத் தேர்ந்தால், நினைவகத்தில் எத்தனை சதவீதம் பயன்பாட்டில் உள்ளது என்று தெரியும். எண்பது சதவீதத்திற்கு மேலேயே அது நிலைத்து நின்றால், அடுத்த கணினியில் ஒரு படி மேலே செல்வது நியாயம். பாதியளவிலேயே நின்றால், அதிகம் வாங்கச் சொல்பவரிடம் நாம் பணிவாக மறுத்துவிடலாம். எத்தனை செருகுவாய்கள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்பதையும் பெரும்பாலும் அதே பக்கத்தில் காணலாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலும் இதைப் பார்க்கக் கேட்பது நம் உரிமையே.

இனிப் பணக் கணக்கு. எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். 8 ஜிபி கணினி 50,000 ரூபாய். 16 ஜிபி கணினி 56,000 ரூபாய். வித்தியாசமான 6,000 ரூபாயை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் 100 ரூபாய். முதல் கணினி மூன்றாண்டுகளில் தாங்க முடியாத அளவு மந்தமாகி, புதியது வாங்க நேர்ந்தால், அதற்காக நாம் செலவிட்டது மாதம் ஏறக்குறைய 1,389 ரூபாய். இரண்டாவது ஐந்தாண்டு உழைத்தால் மாதம் 933 ரூபாய் மட்டுமே. விலைச்சீட்டில் மலிவாகத் தோன்றியது பயன்பாட்டில் விலை மிகுந்ததாகிறது. இதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும். 70,000 ரூபாய்க்கு 32 ஜிபி வாங்கி, அதில் பாதியை ஐந்தாண்டுகளும் தொடாமலே வைத்திருந்தால், மாதம் 233 ரூபாய் பயனின்றிப் போகிறது. அத்தொகையைத் தொடர் வைப்பில் போட்டிருந்தால் வட்டியாவது கிடைத்திருக்கும்.

மாதத் தவணை இக்கணக்கை மறைத்துவிடும் ஆற்றல் கொண்டது. "மாதம் சில நூறு ரூபாய் சேர்த்தால் 32 ஜிபி" என்று கேட்கும்போது தொகை சிறிதாகத் தோன்றும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. 'நோ காஸ்ட்' தவணைகளில் பொதுவாக வட்டிக்கு ஈடான தொகை தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. கடன் அட்டைத் தவணையில் வட்டியின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், செயலாக்கக் கட்டணம் இருப்பின் அதுவும் நம் கணக்கில் சேரும். எனவே நினைவகத்தின் அளவை முதலில் முடிவு செய்து, தவணையைப் பற்றிப் பிறகு பேசுவதே சரியான வரிசை. கல்விக் கடன் பெறும் மாணவர்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவைப்படும் கணினியின் நியாயமான விலையும் கடனில் சேர்க்கத்தக்க செலவாகக் குறிக்கப்பட்டுள்ளது. கிளையில் விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டறிவது நன்று.

கையிருப்பு குறைவாக உள்ள குடும்பங்களுக்கு இவையெல்லாம் எட்டாத அறிவுரையாக ஆகிவிடக் கூடாது. தொகை ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டுமென்றால், எதைக் குறைப்பது என்பதே கேள்வி. சேமிப்பகம் போதாவிட்டால் பின்னர் வெளிப்புற வட்டு ஒன்றை வாங்கி இணைக்கலாம். செயலியில் ஒரு படி கீழே இறங்கினால் அன்றாட வேலையில் அவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பற்றவைத்த நினைவகத்தில் செய்யும் சிக்கனமே திருத்த இயலாதது. அலுவலகங்களில் பயன்பட்டு, புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளில் பலவற்றுக்குச் செருகுவாய்கள் உண்டு, அவற்றையும் கருதலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்கும் கணினிதானா என்று உறுதி செய்துகொள்வது கட்டாயம். இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருத்தல் வேண்டும்.

வாங்குவோர் விழிப்போடு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும் உரிமையை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழுவை அமைத்தது. அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. அதே நோக்கின் வழியில், நினைவகம் பற்றவைக்கப்பட்டதா, கூட்டத்தக்கதா, எந்த அளவு வரை கூட்டலாம் என்ற மூன்று விவரங்களும் ஒவ்வொரு மடிக்கணினியின் பெட்டியின் மீதும் அச்சிடப்பட வேண்டும் என்று நாம் கருதுகிறோம். பிஸ்கட் பொட்டலத்திலும் உள்ளிருப்பதை அச்சிட்டுத் தரும் நாட்டில், அரை லட்ச ரூபாய்ப் பொருளின் பெட்டி இதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

அந்நாள் வரும்வரை கேட்டறிவது நம் பொறுப்பு. கடையில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த நினைவகம் பற்றவைக்கப்பட்டதா? கூட்டலாம் என்றால் எவ்வளவு வரை? நாம் அட்டை செருகினால் உத்தரவாதம் தொடருமா? விற்பனையாளர் சொல்வதோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாதிரி எண்ணுக்குரிய விவரத்தையும் சரிபார்ப்போம். பத்து நிமிடங்கள் கூடுதலாகும். ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்கு அது பெரிய காத்திருப்பு அன்று.