தறிக்குழியில் இறங்காத ஆய்வு

நோய் எவன் உடம்பில் இருக்கின்றதோ, அவனுக்கு அந்நோயைப் பற்றி வாய்திறக்க உரிமையில்லை என்னும் ஒரு முறைகேடு நம் நாட்டில் வேரூன்றி நிற்கின்றது. ஆய்வு செய்வோர் பட்டம் பெற்றோர். ஆய்வுக்கு உட்படுவோர் உழைப்போர். வினவுவது ஒருவன், விடையிறுப்பது வேறொருவன், எழுதப்படுவது ஆங்கிலத்தில், படிக்கப்படுவது எங்கோ ஒரு கருத்தரங்கில். இதற்கு ‘மக்கள் நலவாழ்வு ஆய்வு’ என்று பெயராம்! மக்கள் இல்லாத ஓர் ஆய்வு எவ்வாறு மக்கள் ஆய்வாகும் என்று நாம் கேட்கின்றோம்.

இக்கேள்வி கடுமையானது என்று எண்ணுவோர் சின்ன காஞ்சிபுரத்திற்கு ஒருமுறை சென்று வருக. வரதராசப் பெருமாள் கோயிற் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புதல் போதாது. தறியொலி கேட்கும் ஒரு வீட்டினுள் நுழைந்து, குனிந்து பார்க்க வேண்டும். தரையோடு தரையாய் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் கால்கள் இரண்டும் குழிக்குள் மிதிகட்டைகளை மாறிமாறி மிதித்துக்கொண்டிருக்கும். கைகள் நாடாவை ஓட்டும். பலகையை இழுத்து அடிக்கும். கண்கள் மங்கிய ஒளியில் மயிரினும் மெல்லிய பட்டிழையைத் தேடும். முதுகு காலை முதல் மாலை வரை வளைந்தே இருக்கும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். கோர்வைப் புடவையாயின், உடலுக்கும் இரு கரைகளுக்கும் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அதற்குத் துணையாய் அருகில் இன்னொருவர் வேண்டும். அத்துணைவேலைக்கு நெடுங்காலம் சிறுவரையே உட்காரவைத்தனர் என்பதை இவ்வூர் அறியும். இவ்வாறு பல நாள் முதுகொடிந்து நெய்த புடவையை மணமகள் ஒருநாள் உடுத்துகின்றாள். நெய்தவர் இடுப்பு வாழ்நாள் முழுதும் அதற்கு விலை கொடுக்கின்றது.

இந்த இடுப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டா? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தது. ஈயநஞ்சு அதில் இருந்தது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் இருந்தது. குழித்தறி தரும் முதுகுநோய்க்கு அதில் இடமில்லை. இருந்திருந்தாலும் பயன் என்ன? வீட்டுத்தறி தொழிற்சாலையன்றே! சட்டத்தின் கண்ணில் நெசவாளி தொழிலாளியும் அல்லன். அவன் நோய் நோயும் அன்று.

பேரறிஞர் அண்ணா 1909இல் இந்தச் சின்ன காஞ்சிபுரத்தில்தான் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். 1969இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் பெயரால் காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அது தக்கதே, எத்தனையோ ஏழையர் அங்கு உயிர்பிழைத்துள்ளனர். ஆனால், தலைவனைக் கொன்ற நோய்க்கு மருத்துவமனை கண்ட நாடு, அத்தலைவனைப் பெற்ற தெருவை நாள்தோறும் தின்னும் நோய்க்கு ஒரு பெயராவது சூட்டியதா?

பெயர் சூட்டுதல் என்றோமே, அதுதான் இங்குக் கரு. நம் மக்கள் ‘வலி’ என்னும் ஒரு சொல்லோடு நிற்பவர் அல்லர். நெடுநேரம் மிதித்த காலில் வருவது உளைச்சல். வளைந்த முதுகில் நிலைப்பது கடுப்பு. இரவில் எலும்புக்குள் புகுந்து உறக்கம் கெடுப்பது குடைச்சல். எழும்போது இடுப்பைத் தடுத்து நிறுத்துவது பிடிப்பு. விரல்நுனியில் உணர்வு அற்றுப்போவது மரத்தல். தசை சோர்வதையும் நரம்பு நசுங்குவதையும் மருத்துவன் பிரித்தறியப் படாதபாடு படுகின்றான். அவற்றைப் பிரித்தறிவதற்கான சொற்களை நம் மொழி முன்னமே வகுத்து வைத்திருக்கின்றது. ஆனால், ஆங்கிலத்தில் வகுத்துத் தமிழில் பெயர்த்த வினாத்தாளோ, ‘வலி உண்டா, இல்லையா? சுழியம் முதல் பத்து வரை எவ்வளவு?’ என்று கேட்டு முடிக்கின்றது. நெசவாளி சொன்னதில் பாதி அந்தக் கட்டத்திற்கு வெளியே சிந்திவிடுகின்றது. சிந்தியதைப் பொறுக்காமல் அளந்ததை மட்டும் உண்மை என்பது அறிவியலா?

இன்னொன்றையும் எண்ணுக. 2019–20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கைத்தறி நெசவாளருள் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்கள். வீட்டில் தார் சுற்றுவதும், இழை முடிவதும், பாவுக்குத் துணைநிற்பதும் பெண்களே. ஆய்வாளன் வந்து, ‘நெசவாளர் யார்?’ என்று கேட்டால் வீட்டுத்தலைவன் கையுயர்த்துகின்றான். அவள் அடுக்களைக்குள் போய்விடுகின்றாள். கேட்கப்படாத உடம்பில் நோய் இல்லை என்று கணக்கு எழுதப்படுகின்றது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த ஆய்வே ஏற்றத்தாழ்வை வளர்த்தால் எங்குச் சென்று முறையிடுவது?

மக்களை விலக்கிய ஆய்வு எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்றில் பல்லாயிரம் சிறுமியர் உட்படுத்தப்பட்டனர்; பழங்குடியினர் விடுதிப் பிள்ளைகள் அவருள் மிகுதி. பெற்றோர் இடவேண்டிய ஒப்புதலைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் இட்டிருந்தனர். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா தீயதா என்பதன்று இங்கு வழக்கு. பிள்ளை யாருடையது, கையொப்பம் யாருடையது என்பதே வழக்கு.

“கல்லாதவர்க்கு ஆய்வு தெரியுமா?” என்று மேட்டிமையாளர் நகைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளை மனக்கணக்கில் வைத்து, கரையில் அன்னமும் மயிலும் பிறழாமல் எழுப்புகின்ற கைக்குக் கணக்குத் தெரியாதாம்! உலகச் செய்தியைக் கேட்கட்டும். அமெரிக்கக் கரோலினா நாடுகளில் பஞ்சாலைத் தூசியால் மூச்சிழந்த தொழிலாளர் 1975இல் தாங்களே ஒரு கழகம் கண்டனர். ஊர்தோறும் மூச்சளவைக் கூடங்கள் நடத்திச் சான்று திரட்டினர். 1978இல் அந்நாட்டரசு பஞ்சுத்தூசிக்கு வரம்பு கட்டியது. ஆலை முதலாளிகள் வழக்காடினர். 1981இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றனர். இத்தாலி நாட்டின் 1970ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தங்கள் உடல்நலம் காக்கும் ஆய்வுகளை முன்னெடுக்கும் உரிமையைத் தொழிலாளர்க்கே வழங்கியது.

கடல் கடக்க வேண்டா. மலை கடந்தால் போதும். அறிவியலை மலையாளத்தில் எழுதவென்றே 1962இல் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாத்திர சாகித்தியப் பரிசத்து, 1987இல் தன் தொண்டர்களைக் கொண்டு ஏறத்தாழ 10,000 வீடுகளில் நலவாழ்வுக் கணக்கெடுத்தது. சாவு குறைந்த கேரளத்தில் நோய் குறையவில்லை, அதுவும் ஏழையரிடத்தே மிகுதி என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. தாய்மொழியில் அறிவியல் பேசத் தொடங்கியவர்களே தம் மக்களின் நோயை எண்ணவும் முற்பட்டனர் என்பதை நம்மவர் நெஞ்சில் நிறுத்துக.

“தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது?” என்பார் வாயை யாழ்ப்பாணம் என்றோ அடைத்துவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயலவர்க்கு முடிந்தது நம்மவர்க்கு முடியாதாம்!

உரிமையை யாரும் புதிதாய்ப் படைக்க வேண்டியதில்லை. நலவாழ்வைத் திட்டமிடுவதில் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978இல் அல்மா-அத்தா அறிக்கை உரைத்தது. ஆய்வுக்கு உட்படுவோர்க்கு விளங்கும் மொழியில் ஒப்புதல் பெறுக, அம்மக்களை ஆய்வில் ஈடுபடுத்துக என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் கூறுகின்றன. ஏட்டில் உள்ளது தெருவுக்கு வரவேண்டும். ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று: வினா தெருவில் பிறக்க வேண்டும். எதை ஆராய்வது என்று முதலில் நெசவாளரைக் கேட்க; பிறகு வினாத்தாளை எழுதுக.

இரண்டு: ஆய்வுக் குழுவில் பாதிப்பேர் தறியில் இருப்போராயும், தார் சுற்றும் பெண்டிராயும், கொதிநீரில் கைவைக்கும் சாயத்தொழிலாளராயும் இருத்தல் வேண்டும். நெய்த அளவுக்கே கூலி பெறும் அவர்க்கு, ஆய்வுக்குத் தரும் நாளுக்கு முழுக்கூலி ஈடாக வேண்டும்.

மூன்று: ஒப்புதல் தமிழில், வாயால் விளக்கிப் பெறப்பட வேண்டும். முதலாளியோ கூட்டுறவுத் தலைவரோ பிறர்க்காக ஒப்பமிடலாகாது. மறுப்பவர்க்கு வேலையிலோ கடனிலோ தீங்கு வரலாகாது.

நான்கு: முடிவு அச்சேறுமுன் தெருவேற வேண்டும். எந்த வீட்டில் கேட்டார்களோ அந்த வீட்டுத் திண்ணையில் வந்து சொல்க.

ஐந்து: கண்ட நோய்க்குத் தீர்வும் அவர்களோடு சேர்ந்தே காண்க. குழியின் ஆழம், இருக்கையின் உயரம், விளக்கின் இடம் இவற்றை மாற்றிப் பார்க்க நெசவாளியினும் வல்லான் யார்? அவ்வாறு மெய்ப்பித்த தறிநோயைச் சட்டப் பட்டியலில் ஏற்றுக.

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். அறைக்குள் அமர்ந்து கலைச்சொல் ஆக்குவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. உழைப்பவன் நாவில் உள்ள நோய்ச்சொற்கள் அவனோடு மடிந்துகொண்டிருக்கின்றன. தறி நிற்கும் வீடுகளில் அச்சொற்களும் நிற்கின்றன. காஞ்சியிலும், ஆரணியிலும், சேலத்திலும் உள்ள நம் அன்பர் ஞாயிறுதோறும் ஒரு தெருவுக்குச் செல்க. முதியோரிடம் அமர்ந்து, உடம்பு படும் பாட்டை அவர் சொல்லாலேயே எழுதிக்கொள்க. அதனை அவ்வூர் மருத்துவர் கையில் கொடுக்க. மொழிக்குச் செய்யும் தொண்டும் மக்களுக்குச் செய்யும் தொண்டும் அங்கு ஒன்றாகும்.

குழிக்குள் இறங்கிக் கால்வைத்தவனுக்கே குழியின் ஆழம் தெரியும். கரையில் நின்று அளப்போரே, அவனைக் கேட்டு அளந்திடுக!