கும்மிடிப்பூண்டிக்கு மாலைநேரக் கால்நடை மருத்துவம்
சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்திருக்கிறது. அண்டை மாவட்டமான திருவள்ளூர் அபராதத்திலிருந்து அல்ல, மருத்துவ வசதியிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட் பார்ப்பவர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாயைக் கொண்டுபோனால் அன்றைய கூலி போயிற்று. அந்த நெருக்கடியில்தான் தகுதியற்றவர்களும் நாய்க்கு ஊசி போடுகிறார்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவரே மருத்துவம் பார்க்கலாம். பதிவெண்ணைக் கேட்பது அவமரியாதையன்று, வளர்ப்பவரின் உரிமை. அறிகுறி தோன்றிய ரேபிஸுக்கு மருந்தில்லை என்பதால், எந்தச் செலவைக் குறைத்தாலும் தடுப்பூசியைக் குறைக்கலாகாது. அரசு கால்நடை மருத்துவமனைகளில் மாலை 6 மணிக்குமேல் செல்லப்பிராணிப் பிரிவு இயங்கவும், தனியார் கிளினிக்குகள் பதிவெண்ணையும் கட்டணத்தையும் வாசலிலேயே எழுதிவைக்கவும் மாவட்ட நிர்வாகம் தாமதமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும்.