“நாங்க என்ன சோதனை எலியா?”



கிளினிக்கில் “புது மருந்து ஆய்வொன்று நடக்குது, சேருறீங்களா?” என்று கேட்டால், நம்மவர்கள் பலர் இதைச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவார்கள்.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ள முடியாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் நோயை வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கு சம்மதப் படிவம் கட்டாயமானதற்கு இப்படியான அநியாயங்களே காரணம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2016-17இல் நம் நாட்டு ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் பிரஷர் உள்ள 700 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் குடித்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு ஆறு மாதத்தில் பிரஷர் கட்டுப்பட்டது. வழமையான சிகிச்சையில் 55 பேருக்குத்தான். அவர்களும் எழும்பி வந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

ஆகவே மறுக்கமுன் கேளுங்கள். படிவம் தமிழில் உண்டா? வீட்டில் பிள்ளைகளோடு பேசிவிட்டு வரலாமா? கெப்சூல் எதில் செய்தது? பக்கவிளைவு வந்தால் யார் பொறுப்பு? இடையில் விலகினால் வழமையான மருந்து கிடைக்குமா? கிடைக்க வேண்டும், அது உங்கள் உரிமை.

டொக்டர்மாரே, ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வருபவரிடம் ஐந்து நிமிடத்தில் கையொப்பம் கேட்காதீர்கள். உறவுகளே, கேள்விக்குப் பதில் சொல்ல நேரமில்லாதவருக்குக் கையொப்பம் போடாதீர்கள்.